மேடையில் யாரைத் திட்டினார், சபையில் யாருக்குக் கை தூக்கினார்?



ஸ்பிரிங்வெளியிலும் பதுளையிலும் இருக்கிற நம்ம ஆட்களுக்கு ஒரு நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். முழுதாக வாசித்துவிட்டு ஏசினாலும் பரவாயில்லை.

போன கிழமை கடைக்குப் போயிருந்தேன். சாமான் கட்டித் தரும் வரை நின்றபோது பக்கத்தில் இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அரசியல்வாதி நம்ம பக்கம் வரப்போகிறாராம். மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி வரவேற்க வேண்டுமாம். "அந்தக் கட்சிய அவர் மாதிரி வெளுத்து வாங்க ஆள் இல்ல" என்றார் நம்ம நானா ஒருவர். தோட்டத்து அண்ணன் ஒருவர் அமைதியாகக் கேட்டார்: "மேடையில வெளுத்தது சரிங்க பாய். பார்லிமெண்ட்ல எதுக்குக் கை தூக்கினாருன்னு யாருக்காவது தெரியுமா?"

கடையில் யாரிடமும் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அரசாங்க ஆசிரியை. எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்டு வரவில்லை. கீழே வருகிற வாக்கு விபரங்கள் எல்லாம் ஹன்சாட்டிலும் பத்திரிகையிலும் பகிரங்கமாக இருப்பவை.

தரம் ஒன்பதுக்குக் குடியுரிமைக் கல்வியில் "மூன்றில் இரண்டு பெரும்பான்மை" என்றால் என்ன என்று ஒரு நாள் படிப்பித்தேன். வெறும் விளக்கம் சொன்னால் பிள்ளைகளுக்கு மனதில் நிற்காது. அதனால் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டேன்.

மொத்த உறுப்பினர்கள் 225. மூன்றில் இரண்டு 150. 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி அரசியலமைப்பின் இருபதாவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 156. எதிர்ப்பு 65. ஆதரவாக வாக்களித்தவர்களில் எட்டுப் பேர் எதிர்க்கட்சிப் பக்கத்தில் இருந்து சபைக்கு வந்தவர்கள். 156இல் எட்டைக் கழித்தால்?

"148 டீச்சர்."

150 வேண்டும் என்றால்?

"ரெண்டு கொறயுது."

கொஞ்ச நேரம் வகுப்பு அமைதி. பிறகு பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "அந்த எட்டுப் பேரும் யாரு டீச்சர்?"

சொன்னேன். நம்ம பதுளை மாவட்டத்தில் இருந்து அ. அரவிந்தகுமார். முஸ்லிம் காங்கிரஸில் இருந்து ஹரீஸ், பைஸல் காசிம், தௌபீக், நஸீர் அஹமட். அநுராதபுரத்தில் இருந்து இஷாக் ரஹ்மான். புத்தளத்தில் இருந்து அலி சப்ரி ரஹீம். பிறகு டயானா கமகே.

எண்ணிப் பாருங்கள். எட்டில் ஆறு பேர் முஸ்லிம்கள். ஒருவர் மலையகத் தமிழர், அதுவும் நம்ம மாவட்டம்.

2020 ஓகஸ்ட் 5ஆம் திகதி பொதுத் தேர்தல். அந்தத் தேர்தலில் மொட்டுக் கட்சி கேட்டதே மூன்றில் இரண்டுதான். எதிர்ப் பக்கம் மேடைக்கு மேடை சொன்னது, "ராஜபக்ஷக்களுக்கு மூன்றில் இரண்டைக் கொடுத்துவிடாதீர்கள்" என்று. பதுளையில் மொட்டுக்கு ஆறு ஆசனம், தொலைபேசிக்கு மூன்று. அந்த மூன்றில் இரண்டு பேர் தமிழர்கள், அரவிந்தகுமாரும் வடிவேல் சுரேஷும். தொலைபேசிக்குப் புள்ளடி போட்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. விருப்பு வாக்கு யாருக்கு என்பது எனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரியும்.

தேர்தல் நாளில் இருந்து அந்த வாக்கெடுப்பு வரை எத்தனை நாள் தெரியுமா? 78. எந்த மூன்றில் இரண்டைக் கொடுக்காதீர்கள் என்று எங்களிடம் வாக்குக் கேட்டார்களோ, அதை 78 நாளில் அந்த வாக்குகளாலேயே எடுத்துக் கொடுத்தார்கள்.

நம்ம தேர்தல் முறையில் முதல் புள்ளடி கட்சிக்கு. அதற்குப் பிறகுதான் மூன்று விருப்பு வாக்கு. அப்படி என்றால் சபையில் இருக்கிற கதிரை அவருடைய தனிச் சொத்தாக வந்தது இல்லை. கட்சி சொன்ன கொள்கையைப் பார்த்துப் போட்ட வாக்கும் அதற்குள் இருக்கிறது. 

அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். "எதிர்க்கட்சியில் இருந்து கத்தி என்ன பிரயோசனம்? அரசாங்கத்தோடு இருந்தால்தான் சமூகத்துக்கு ஏதாவது எடுக்கலாம்." இந்தப் பேச்சைத் தோட்டத்திலும் கேட்டிருக்கிறேன், பள்ளி முற்றத்திலும் கேட்டிருக்கிறேன். லயத்துக்குக் கூரை இல்லாதவரிடம், பாதை இல்லாத டிவிஷனில் இருப்பவரிடம், இந்தப் பேச்சைச் சும்மா ஒதுக்க முடியாது. அதனால் சரி பார்ப்போம். என்ன கிடைத்தது?

தோட்டத்துக்கு 1000 ரூபா நாட்சம்பளம் 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் வர்த்தமானியில் வந்தது. ஆனால் 1000 ரூபா தருவோம் என்ற அறிவிப்பு 2020 ஜனவரியிலேயே வந்துவிட்டது. இருபதாவது திருத்தத்துக்கு ஒன்பது மாதம் முந்தி. அதை இந்த வாக்கின் விலையாகச் சொல்ல முடியாது.

முஸ்லிம்களுக்கு? அந்த நாட்களில் நம்ம வீடுகளில் எல்லாம் ஒரே பயம் ஜனாஸா எரிப்புத்தான். 2020 ஏப்ரலில் இருந்து கொவிட்டில் மௌத்தானவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று சட்டம். இருபதுக்கு வாக்களித்தால் அடக்குவதற்கு அனுமதி கிடைக்கும் என்று நம்மவர்கள் பலர் நம்பினார்கள். வாக்கு ஒக்டோபரில் போனது. எரிப்பு நிற்கவில்லை. அந்த டிசம்பரில் பிறந்து இருபது நாளான ஒரு பிள்ளையையும் எரித்தார்கள். அடக்கம் செய்ய அனுமதிக்கும் வர்த்தமானி 2021 பெப்ரவரி 25ஆம் திகதிதான் வந்தது, நான்கு மாதம் கழித்து. அதற்குப் பிறகும் சொந்த ஊர் மையவாடியில் அடக்க முடியாது, ஓட்டமாவடிக்குக் கொண்டுபோக வேண்டும். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. மன்னிப்பு வந்தது, எரிந்தது எரிந்ததுதான்.

நாட்டுக்கு என்ன கிடைத்தது? ஜனாதிபதியின் நியமனங்களைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த அரசியலமைப்புப் பேரவை போனது. இரட்டைப் பிரஜாவுரிமைக்காரரும் எம்.பி. ஆகலாம் என்று கதவு திறந்தது. அந்தக் கதவால் 2021 ஜூலையில் பசில் ராஜபக்ஷ வந்து நிதி அமைச்சர் ஆனார். அதே வருடம் மே மாதம் இரசாயன உரத்துக்குத் தடை. கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில் ஒரு தலைவர் எடுத்த முடிவு அது. உரம் இல்லாத மலையில் கொழுந்து எப்படி வந்தது என்பதை நமுனுகுல அடிவாரத்தில் இருக்கிற நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. 2021இல் நாட்டின் தேயிலை உற்பத்தி கிட்டத்தட்ட 300 மில்லியன் கிலோ. 2022இல் கிட்டத்தட்ட 250 மில்லியன். பிறகு கேஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை. 2022 ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே போனார்.

2022 ஒக்டோபர் 21ஆம் திகதி இருபத்தோராவது திருத்தம் வந்து, பேரவையைத் திரும்பக் கொண்டுவந்தது, இரட்டைப் பிரஜாவுரிமைக்காரருக்குக் கதவைத் திரும்ப மூடியது. இரண்டாம் வாசிப்பில் ஆதரவு 179, எதிர்ப்பு 1. கட்டினதும் அதே பாராளுமன்றம், இடித்ததும் அதே பாராளுமன்றம். இரண்டு வருடத்துக்கு ஒரு நாள் குறைவு. அவசரமாகக் கை தூக்கிய அந்த வாக்குக்கு இதைவிட வேறு தீர்ப்பு வேண்டுமா?

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். நம்ம கடைகளில் "அந்தத் தோட்டத்து எம்.பி. பல்டி அடிச்சிட்டார்" என்று சத்தமாகச் சொல்கிறோம். அதே வாக்கெடுப்பில் நம்மவர் ஆறு பேர் செய்ததைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடுகிறது. "அவங்களுக்கு ஏதோ நிர்ப்பந்தம்" என்கிறோம். முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் எதிர்த்து வாக்களித்தார், அவருடைய கட்சியின் நான்கு பேர் ஆதரித்தார்கள். வெற்றிலைக்கும் பாக்குக்கும் ஒரே கடையில் இரண்டு தராசு வைத்தால் யாவாரம் ஓடுமா? அவர்களுக்கு ஒரு நீதி, நமக்கு ஒரு நீதி என்றால் தோட்டத்து அண்ணன் நம்மை எப்படி நம்புவார்?

அதே மாதிரி, ஒருவரை ஒரே வாக்கை வைத்து மட்டும் எடை போடவும் கூடாது. வடிவேல் சுரேஷைப் பாருங்கள். 2018 ஒக்டோபர் குழப்பத்தில் மஹிந்த தரப்பில் இராஜாங்க அமைச்சராகப் பதவி எடுத்தார். நவம்பர் 14ஆம் திகதி சபையில் திரும்பவும் ஐ.தே.க. பக்கம் வந்து உட்கார்ந்தார். ஆனால் 2020இல் இருபதாவது திருத்தத்துக்கு அவர் ஆதரவு கொடுக்கவில்லை. ஒரே ஆளுடைய புத்தகத்தில் இரண்டு விதமான பக்கம். முழுப் புத்தகத்தையும் பார்க்க வேண்டும். அரவிந்தகுமார் 2022 செப்டெம்பரில் கல்வி இராஜாங்க அமைச்சர் ஆனார். அந்தப் பதவியில் செய்ததையும் அவருடைய கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் தேர்தலில் இருவருமே சபைக்குத் திரும்பவில்லை.

இன்னொரு தந்திரமும் இருக்கிறது: வாக்கெடுப்பு நேரம் சபையில் இல்லாமல் போவது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கிற பேஸ்புக்குக்கும் சேர்த்து வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், 2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்று நிறைவேறியது. கூட்டினால் 170. சபாநாயகரை விட்டாலும் ஐம்பது பேருக்கு மேல் எந்தப் பக்கமும் வாக்களிக்கவில்லை. சிலருக்கு உண்மையான காரணம் இருந்திருக்கலாம். ஆனால் வெளியே வந்து அந்தச் சட்டத்தைத் திட்டுகிறவரிடம், "அன்று எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

இது ஏன் நம்ம ஊருக்கு இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அதுவும் பாராளுமன்றத்தில் கை தூக்கி எடுத்த முடிவுதான். 1952 தேர்தலில் இந்த மலையில் கொழுந்து பறித்த கைகளுக்குப் புள்ளடி போட முடியவில்லை. மிச்சம் இருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆனது. பாட்டன் பாட்டி வாக்கு இல்லாமலே கண் மூடிய வீடுகள் நம்ம பக்கத்து லயங்களில் இருக்கின்றன. அப்படி வந்த வாக்கை ஒரு பொன்னாடைக்கும் ஒரு சூடான மேடைப் பேச்சுக்கும் கொடுக்கலாமா?

அதனால் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த மேடை போடுவதற்கு முந்தி, வருகிறவர் எந்தக் கட்சி என்றாலும், எந்தச் சமூகம் என்றாலும், மூன்று கேள்வி கேட்போம்.

ஒன்று: நீங்கள் சபையில் இருந்த காலத்தில் முக்கியமான ஐந்து வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் வாக்களித்தீர்கள்?

இரண்டு: வாக்களிக்காமல் இருந்த நாட்கள் எவை, ஏன்?

மூன்று: எங்களிடம் சொன்னதற்கு மாறாக வாக்களித்திருந்தால், அதற்கு முந்தி எங்களிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டீர்களா?

மூன்றாவதுதான் என் மனதுக்கு முக்கியம். நிலைமை மாறலாம், மனமும் மாறலாம். மாறினால் வந்து சொல்லட்டும். பள்ளியில் சொல்லட்டும், கோயிலில் சொல்லட்டும், தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில் வந்து சொல்லட்டும்.

இப்போது சபையில் இருக்கிறவர்களுக்கும் இதே கேள்விதான். 2024இல் பதுளை மாவட்டம் தேசிய மக்கள் சக்திக்கு ஆறு ஆசனம் கொடுத்தது. அதில் கிட்ணன் செல்வராஜ், அம்பிகா சாமுவேல் என்று நம்ம மொழி பேசுகிற இருவர். ஆளுங்கட்சியில் இருந்து எல்லாவற்றுக்கும் சேர்ந்து கை தூக்குவதும் ஒரு பதிவுதான். அதையும் எழுதி வைப்போம்.

பாராளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சாட் இருக்கிறது. பெயர் குறித்து வாக்கெடுப்பு நடந்தால் யார் எந்தப் பக்கம் என்று பெயர் பெயராக அதில் வரும். போனில் கிரிக்கெட் ஸ்கோர் தேடத் தெரிந்த நம்ம தம்பிமாருக்கு இதைத் தேடுவது பெரிய வேலை இல்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு பட்டியல் எடுத்தால், கடைச் சுவரில் ஒட்ட நான் என் கையாலேயே எழுதித் தருகிறேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

நம்ம மார்க்கத்தில் நம்பி ஒப்படைத்த பொருளுக்கு அமானிதம் என்று பெயர். வாக்கும் அப்படித்தான். ஒப்படைத்துவிட்டு ஐந்து வருடம் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டு, கடைசியில் வாங்கினவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

கடையில் கேள்வி கேட்ட அந்த அண்ணனுக்கு நன்றி. நான் சொன்னதில் ஒரு எண்ணோ பெயரோ பிழை என்றால் கீழே எழுதுங்கள், திருத்திவிடுகிறேன்.