தண்ணீர் ஊற்றாமல் இருப்பதும் ஒரு பாடம்



தாவரப் பாடம் என்றதும் நம் வகுப்புகளில் பஞ்சும் பச்சைப்பயறும் வந்துவிடுகின்றன. இரண்டே நாளில் முளை. ஒரு வாரத்தில் இலை. பாடம் முடிந்ததும் குப்பைத்தொட்டி. முளைத்தலைக் காட்ட இதைவிட எளிய வழி இல்லைதான். ஆயினும், வளர்ச்சி என்றாலே வேகம் என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு வகுப்பிலும் மெதுவாக வளரும் செடி ஒன்றும் இருத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

என் பரிந்துரை ஹவோர்தியா. தென்னாப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சிறிய சதைப்பற்றுச் செடி இது. வெள்ளை வரிகளுடைய வகையைத் தாவரவியலார் 2013 முதல் ஹவோர்தியோப்சிஸ் என்னும் பேரினத்தில் சேர்க்கின்றனர். கடைகளில் இன்னும் பழைய பெயர்தான் வழங்குகிறது.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கும். இதுவோ இரவில் திறந்து, கரிவளியை அமிலமாகச் சேமித்து, பகலில் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துகிறது. அதனால் நீரிழப்பு குறைவு; வளர்ச்சியும் மெது.

நடுப்பகல் வெயில் நேரடியாகப் படாத சன்னலோரம் போதும். தொட்டியின் அடியில் துளை வேண்டும்; மண்ணில் பாதியளவு பெருமணலோ பெர்லைட்டோ கலக்க வேண்டும். நம் ஈரக்காற்றில் மண் காய நாளாகும். ஆகவே, விரலை விட்டுப் பார்த்து, முற்றும் காய்ந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும். நாள்தோறும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். தாகத்தால் சுருங்கிய இலை மீளும். அழுகிக் கூழான இலை மீளாது. பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம் நீரின்றி இருந்தாலும் இச்செடி தாங்கும்.

மாதம் ஒருமுறை மாணவர்கள் இலைகளை எண்ணி, செடியின் அகலத்தை அளந்து குறிக்கட்டும். "மாற்றம் இல்லை" என்று எழுதுவதும் உற்றறிதலே.

2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. நம் அவசரம் நீங்கியதா? முதலாம் ஆண்டுப் பிள்ளை சில வாரங்களில் சரளமாக வாசிக்கவில்லை என்றால் உடனே டியூஷன், மேலும் ஒரு பயிற்சிநூல். பிள்ளை செடியன்று, திணறும் பிள்ளைக்கு உதவி தேவை. வெறுமனே காத்திருப்பது புறக்கணிப்பாகிவிடும். ஆனால், எழுத்து தெரியவில்லையா, கண் பார்வையில் குறையா, கூச்சமா என்று பார்க்காமலேயே பயிற்சிகளைக் கொட்டுவதும் உதவியாகாது. நீர் ஊற்றுமுன் மண்ணைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி நமக்கும் வேண்டும்.