காருக்கு இடம் கட்டாயம், மனுசனுக்கு?

கோவிலம்பாக்கத்தில் புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளைப் பாருங்கள். தரைத்தளத்தில் குடும்பம் கிடையாது. தூண்கள், தூண்களுக்கு நடுவே கோடு கிழித்து எண் போட்ட கட்டங்கள். தரையில் கார் குடியிருக்கிறது. மனுசன் மாடியேறிப் போகிறான்.

இது கட்டுகிறவனின் ஆசை மட்டுமல்ல, சட்டம். 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், வீட்டின் பரப்பை வைத்து வண்டிக்கு இவ்வளவு இடம் என்று கணக்குச் சொல்கிறது. அந்த வீட்டுக்காரனிடம் கார் இருக்கா, இல்லையா? அதை யாரும் கேட்பதில்லை. அளப்பது சுவரை, ஆளை அல்ல.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் நூறு குடும்பங்களில் ஏழெட்டுக்குத்தான் கார் இருக்கிறது. அடுக்குமாடி வாங்குகிறவர்களிடம் கூடுதலாக இருக்கும், சரி. எல்லார்கிட்டயுமா இருக்கும்?

நான் வங்கிக் குமாஸ்தா. கூட்டிக் கழிப்பதுதான் பிழைப்பு. கார் இடத்துக்கு 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 9 சத வட்டி, 20 வருசக் கடன். மாசம் சுமார் 2,700 ரூபாய். கடன் தீரும்போது ஆறரை லட்சம் போயிருக்கும். நம்மில் முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்கும் ஒரு ஆசிரியை, ஒரு நர்ஸ், ஸ்கூட்டரில் போய்வருகிறவர், இல்லாத காருக்கும் சேர்த்துத்தான் தவணை கட்டுகிறார். தூண்தளம் குடியிருப்போர் எல்லாருக்கும் பொது, அதைத் தனியாக விற்கக் கூடாது என்று 2010இல் ஒரு மும்பை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்பனை என்ற பேரை எடுத்தால் போதுமா? வீட்டு விலைக்குள் கரைந்து வந்துவிடுகிறதே.

இன்னொரு கணக்கு. ஒரு கார் நிற்க இரண்டரைக்கு ஐந்து மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர். அது உள்ளே வந்து திரும்புகிற வழியையும் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2015இல் தொடங்கிய பிரதமர் வீட்டுத் திட்டத்தில் ஏழைக் குடும்பத்தின் வீட்டுக்கு உச்ச அளவு 30 சதுர மீட்டர். அஞ்சு பேர் படுக்கிற வீடும் ஒரு கார் படுக்கிற இடமும் கிட்டத்தட்ட ஒண்ணு! பக்கத்துப் பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் ஆற்றங்கரைகளிலிருந்து பிடுங்கி எறியப்பட்ட நம் சனங்கள் இருக்கிறார்கள். நகரத்துக்குள் அவர்களுக்கு நிலமில்லை என்றார்கள். காருக்கு மட்டும் நிலம் எங்கிருந்து வந்தது?

"இடம் விடலைன்னா தெருவெல்லாம் கார் நிக்குமே" என்பார்கள். இப்போது நிற்கவில்லையா? ஒரு வீட்டில் இரண்டு கார், ஒன்று தெருவில். அடுத்த வீட்டுக்குக் கார் இல்லை, அதன் கட்டம் காலி. உள்ளே காலி, வெளியே நெரிசல். வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சைக்கிளுக்குக் கேட்டுக்குள் இடமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குள்ளே யார் நிற்கலாம், யார் வெளியே நிற்கணும் என்ற பழைய சட்டத்துக்குப் புது வாட்ச்மேன்.

அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017இல் இந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. பெரிய ரயில், பேருந்து நிறுத்தங்களுக்கு அரை மைலுக்குள் கட்டாயம் கூடாதென்று கலிபோர்னியா 2022இல் சட்டம் போட்டது. இங்கே மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ தடத்தில் கோவிலம்பாக்கத்துக்கும் ஒரு நிலையம் வருகிறது. ரயிலுக்கும் கோடி கோடியாகச் செலவழித்து, ரயிலடியிலேயே காருக்கும் கட்டாய இடமா?

கார் இடமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏற்கனவே குடியேறிய கட்டடங்களில் எத்தனை கார், எத்தனை ஸ்கூட்டர், எத்தனை சைக்கிள் என்று எண்ணுங்கள். அதை வைத்து விதி எழுதுங்கள். கார் இடத்தை வீட்டு விலையிலிருந்து பிரியுங்கள், வேண்டியவன் வாடகை கொடுக்கட்டும். தெருவில் நிறுத்துகிறவனிடமும் காசு வாங்குங்கள். மிச்சப்படும் தரையில் வீடு கட்டுங்கள், நாங்கள் வாங்கக்கூடிய விலையில்.