உப்புநீரில் மிதக்கும் சான்று

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பட்டியிலுள்ள அத்தனை உருப்படிக்கும் பூச்சி மருந்து பருக்கினால் போதும், சாணம் பார்ப்பது பெரிய ஆய்வுகூடத்து வேலை என்ற பேச்சு, கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனமும் அருகிலேயே பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடமும் இயங்கும் பேராதனையிலே இம்மழைக்காலத்திலும் அறிவுரையாக உலவுவது சகிக்கத்தக்கதன்று. அந்தப் பெரிய ஆய்வுகூடத்தின் முதன்மைப் பொருள் சமையல் உப்பு. இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்பிட்ட நீர், அதாவது நிறைகரைசல், சாதாரண நீரைவிட ஏறத்தாழ 1.2 மடங்கு அடர்த்தியானது. உருளைப்புழுக்களின் முட்டைகள் அதனினும் அடர்த்தி குறைந்தவையாதலால், 4 கிராம் சாணத்தை 56 மில்லிலீற்றர் உப்புநீரில் கலக்கித் தேநீர் வடியால் வடித்தால், அவை தாமாகவே மேலே மிதந்து வரும். கோடிட்ட இரு அறைகளைக் கொண்ட மக்மாஸ்டர் தட்டு என்னும் கண்ணாடித் தட்டில் அந்நீரை நிரப்பி, நூறு மடங்கு பெருக்கிக் காட்டும் எளிய நுணுக்குக்காட்டியின் கீழ் எண்ணி, இரு அறைகளின் கூட்டுத்தொகையை 50 ஆல் பெருக்கினால், ஒரு கிராம் சாணத்திலுள்ள முட்டைகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். அவுஸ்திரேலியாவில் 1939 இல் வெளியிடப்பட்ட இம்முறையை எட்டாக்கனி என்போர் உப்பின் விலையையாவது விசாரித்திருக்க வேண்டும்.

ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் ஹீமோங்கஸ் என்னும் புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர் இரத்தத்தைக் குடிக்கிறது. ஆயிரம் புழுக்கள் 50 மில்லிலீற்றரைக் குடித்துவிடும். ஆயினும் ஒரு மந்தையின் புழுக்களில் பெரும்பகுதி சில ஆடுகளிடமே குவிந்திருக்கும் என்பதை உப்புநீர் காட்டிக்கொடுக்கிறது. அச்சிலவற்றுக்கு மட்டும் கொடாமல் எல்லாவற்றுக்கும் மருந்தூற்றுவோர், மருந்துக்கு மடியும் புழுக்களை அழித்து, மடியாதவற்றுக்கே மேய்ச்சல் நிலத்தை ஒப்படைக்கின்றனர். மருந்து கொடுத்துப் பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் மீண்டும் எண்ணும்போது முட்டைகள் 95 வீதமாவது குறையவில்லையெனில், அப்புழுக்களுக்கு மருந்தெதிர்ப்பு ஏற்பட்டிருப்பதாகவே ஐயுற வேண்டும். அதையும் சொல்வது அதே உப்புநீர்தான். ஈரல் தட்டைப்புழுவின் கனத்த முட்டை உப்பில் மிதக்காதே என்று மடக்குவோருக்கு, வெறும் நீரில் அது அடியில் படியும் என்பதே விடை. அதற்கு உப்புக்கூடத் தேவையில்லை.

எந்தப் புழுவுக்கு எந்த மருந்து, ஆட்டுக்கும் மாட்டுக்கும் அளவு எவ்வாறு வேறுபடும், மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலை விலக்கி வைக்க வேண்டும் என்பவற்றை, தோட்டத்து லயன்களின் பின்புறத்தில் ஆடுமாடு வளர்க்கும் குடும்பங்களுக்குத் தமிழில் விளங்கச் சொல்லாமல் போத்தலை மட்டும் விற்பது வணிகமேயன்றி வைத்தியமன்று. அக்குடும்பங்களின் பிள்ளைகள் பயிலும் பாடசாலைகளில் நுணுக்குக்காட்டி உள்ளவை, அதை அலுமாரியில் பூட்டி வைப்பதைவிட இதற்குப் பயன்படுத்தலாம்.

கால்நடை வளர்ப்போர் அடுத்த போத்தலை வாங்குமுன், நிலத்தில் கிடப்பதை அள்ளாமல் விலங்கிடமிருந்து நேரடியாக எடுத்த புதுச் சாணத்தையோ புழுக்கையையோ காற்றுப் புகாத பையில் குளிராக வைத்து, அன்றே மிருக வைத்தியரிடம் சேர்த்து, முட்டை எண்ணிக்கையைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.