கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அசல் கோர்வைப் புடவை நெய்யும் தறிக்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் நெசவாளி. இன்னொருவர் பக்கத்தில் இருக்கும் உதவியாள். உடலுக்கு ஒரு நிறம், இரண்டு கரைக்கும் வேறு நிறம் என்பதால் மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு பக்கத்துக் கரையின் நாடாவைப் பார்த்துக்கொள்வது உதவியாளின் வேலை. அவர் கவனம் பிசகினால் கரையும் உடலும் சேராது.

கல்யாண வீட்டில் அந்தப் புடவையைப் பார்ப்பவர்கள், ‘எந்தக் கடை? என்ன விலை?’ என்று விசாரிப்பார்கள். நெய்தவர் பெயரையே கேட்பதில்லை. உதவியாள் பெயரை யார் கேட்கப் போகிறார்கள்?

‘கோர்வை’ என்ற அதே வார்த்தை தாளக்காரர்களிடமும் உண்டு. சொற்கட்டுகளைக் கணக்காகக் கோர்த்து, பாட்டு எடுக்கும் இடத்தில் சரியாகக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அவர்களுடைய கோர்வை. அவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: பக்கவாத்தியம். அதாவது, பக்கத்தில் உட்காருபவர்.

அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மேடையில் தாராளமாக இடம் கொடுத்தவர் ஒருவர் இதே ஊரில் இருந்தார். காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளை (1889–1934). லயத்தில் புலி. மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறையத் தாளக்காரர்களை வைத்துக்கொண்டு பாடுவார். ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி என்றே அதற்குப் பெயர். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை போன்ற மேதைகள் அவருக்கு வாசித்தார்கள்.

சினிமாவிலும் மெல்லிசை மேடையிலும் நிலைமை வேறு. அங்கே டிரம்ஸ் வாசிப்பவர் எல்லோருக்கும் பின்னால் இருப்பார். முன்னால் பாடகர் நிற்பார். கைதட்டலும் முன்னால்தான் போகும்.

அப்படிப் பின்னால் உட்கார்ந்து தொடங்கியவர்தான் டிரம்ஸ் சிவமணி. 1959-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா எஸ்.எம்.ஆனந்தனும் சினிமா இசைக்குழுக்களில் வாசித்த தாளக்கலைஞர். ஏழு வயதிலேயே குச்சியைக் கையில் எடுத்த மகன், அப்பாவின் வழியிலேயே போனார். எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் கச்சேரிகளில் வாசித்தார். அவரை வளர்த்த மேடைகளில் அது முக்கியமானது. ஒரு பக்கம் ரெக்கார்டிங், இன்னொரு பக்கம் ராக் இசை மோகம். அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் பில்லி கோபம் அவருக்கு ஆதர்சம். திலீப் என்ற பெயரில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த ஏ.ஆர்.ரஹ்மானும் அவரும் இளமைக்கால நண்பர்கள். ‘ரூட்ஸ்’ என்ற குழுவில் சேர்ந்து வாசித்தவர்கள்.

கூப்பிட்டால் போக வேண்டும், வாசிக்க வேண்டும், அடுத்த கூப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டும். தாளக்காரரின் பிழைப்பு இதுதான். அந்தப் பிழைப்புக்கும் ஒரு சோதனை வந்தது. ஒரு பாட்டுக்கு ஐம்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த காலம் போய், 1990-களில் கம்ப்யூட்டரும் ரிதம் மெஷினும் ஸ்டூடியோவுக்குள் வந்து உட்கார்ந்தன. தாளம் தப்பாது, களைப்படையாது, சம்பளமும் கேட்காது. விசைத்தறி வந்தபோது கைத்தறிக்காரர் வயிற்றைப் பிசைந்த அதே பயம், பல வாத்தியக்காரர்கள் வீட்டிலும் புகுந்தது.

சிவமணி மெஷினோடு வேகத்தில் போட்டி போடவில்லை. மெஷினுக்குத் தெரியாததைச் செய்தார். தண்ணீர் கேன், சூட்கேஸ், சமையல் பாத்திரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாத்தியமாக்கினார். சங்கையும் ஊதினார். அடுத்த நொடி எதைத் தட்டப் போகிறார் என்று ஜனங்களை எட்டிப் பார்க்க வைத்தார். புதுத் தொழில்நுட்பத்தின் அடையாளமாகவே பேசப்பட்ட ரஹ்மானின் மேடைகளிலும் அவருக்கு இடம் இருந்தது. ஜாகிர் உசேனின் தபலாவோடும், மாண்டலின் ஸ்ரீநிவாஸோடும் சேர்ந்து வாசித்தார். ஐ.பி.எல். வந்த புதிதில் சேப்பாக்கம் கேலரியில் சென்னை அணிக்காக அவர் டிரம்ஸ் அடித்ததைக் கிரிக்கெட் ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பாட்டுக்குத் துணை போகிறவருக்கும் சொந்தமாகப் பாட்டுப் போடும் ஆசை இருக்கும் அல்லவா? ‘மகாலீலா’ என்ற ஆல்பம் தந்தார். 2014-ல் ‘அரிமா நம்பி’ படத்துக்கு இசையமைத்தார். அப்போது அவருக்கு வயது 54. அந்த வயதில் பலர் இருக்கிற பெயரைக் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்று நினைப்பார்கள். இவர் புதுமுகமாக வந்து நின்றார். 2016-ல் ‘கணிதன்’ வந்தது.

இசையமைப்பாளராக வரிசையாகப் படங்கள் குவிந்துவிடவில்லை. அதற்காக அவர் முடங்கிப்போகவும் இல்லை. குச்சிகளோடு மேடைக்குப் போய்க்கொண்டேதான் இருந்தார். 2019-ல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. இசையமைப்பாளர் என்பதற்காக அல்ல, தாளக்காரர் என்பதற்காக.

முன்வரிசைக்கு வராவிட்டால் வாழ்க்கையே தோற்றுவிட்டது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பக்கத்தில் இருந்து இன்னொருவர் வேலையைத் தப்பாமல் தாங்குவதும் ஒரு வித்தைதான். அதைக் கற்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காஞ்சிபுரம் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறது. கோர்வைக்கு உதவியாள் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. நெசவாளி இருந்தும் அசல் கோர்வைத் தறிகள் குறைகின்றன.

அடுத்த முறை கச்சேரிக்குப் போனால் பாடகரோடு நிறுத்திவிடாமல், பின்னால் வாசித்தவர் பெயரையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பட்டுப்புடவை எடுக்கப் போனால், கரையும் உடலும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே இரண்டாவது ஆளின் கை இருக்கிறது.