ஹோபார்ட்டில் ஜெயித்த பையன்கள்

2001-ல் ஆஸ்திரேலியாவில் ஹோபார்ட் நகரில் ஜூனியர் உலகக் கோப்பை ஆக்கிப் போட்டி நடந்தது. ககன் அஜித் சிங் தலைமையில் சென்ற நம் பையன்கள் இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவை 6-1 கோல் கணக்கில் விரட்டியடித்தார்கள். தீபக் தாக்கூர், பிரப்ஜோத், ஜுக்ராஜ் என்று எங்கும் இவர்கள் பேச்சுதான். 1980-ல் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் வாங்கிய தங்கம் மீண்டும் கிடைக்கும் என்று நம்பியவர்கள் உண்டு.

கிடைத்ததா? 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 7-வது இடம். 2008 பெய்ஜிங்கிற்குத் தகுதியே பெறவில்லை.

மட்டை பிடித்தவன் கதி இதுதான் என்று, பிள்ளையை டியூஷனுக்கு விரட்டும் கோவண்டித் தகப்பன்மார் சொல்லக்கூடும். பையன்களையா குறை சொல்வது? அவர்களை வளர்த்த பயிற்சியாளர் ராஜீந்தர் சிங்கை, ஏதென்ஸ் போட்டி நெருங்கிய நேரத்தில் சம்மேளனம் மாற்றியது. ஜெர்மனியில் இருந்து புதியவர் வந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் சமையல்காரரை மாற்றினால் பந்தி எப்படி இருக்கும்?

2016-ல் லக்னோவில் அதே கோப்பையை வென்றவர்களில் பலர் 2021-ல் டோக்கியோவில் வெண்கலம் வாங்கினார்கள். 2018 முதல் ஒரிசா அரசு அணிக்குப் பணம் கொடுத்து வந்தது. கவனிப்பு இருந்தது, பலன் தெரிந்தது.

ஜுக்ராஜ் விஷயம் வேறு. 2003 செப்டம்பரில் கார் விபத்தில் படுகாயமடைந்தவர், பழைய ஆட்டத்துக்குத் திரும்ப முடியவில்லை. ஆனாலும் அவருக்குப் பஞ்சாப் போலீசில் பதவி இருந்தது. இளைஞர்களுக்குப் பெனால்டி கார்னர் அடிக்கவும் கற்றுக்கொடுத்தார். கோவண்டியில் ஒரு பையன் கால் உடைந்து உட்கார்ந்தால் அவனுக்கு என்ன இருக்கிறது? தகப்பன்மாரின் பயம் நியாயமே. ஆட அழைக்கும் சங்கங்கள் வைத்தியச் செலவுக்கும் வேலைக்கும் வழி சொல்லிவிட்டு அழைக்கட்டும்.