தேதி போடாத கோப்பு



கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் கூட்டாளிகள் ஒரு வாரமாக என்னை விடுவதாயில்லை. நான் செய்த குற்றம் இதுதான்: 73 வயதில், மூத்தோர் நீச்சல் போட்டியில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் போட்டி. "நீந்துங்க சார், நல்லதுதான். போட்டி எதுக்கு? இந்த வயசுல யாரை ஜெயிக்கணும்?" என்கிறார்கள். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். அந்த மரியாதையோடுதான் எனக்குச் சண்டை.

"நீந்து, போட்டி வேண்டாம்" என்பதை மூன்று வருஷம் செய்து பார்த்தவன் நான். மனைவி போன பிறகு வீட்டில் உட்கார முடியாமல் நீச்சல் குளத்துக்குப் போக ஆரம்பித்தேன். அரைக் குளம் போவேன். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு பென்ஷன், பிரஷர், பேரப்பிள்ளைகள் என்று அரைமணி பேசுவேன். ஒருநாள்கூட 50 மீட்டரை நிற்காமல் கடந்ததில்லை. முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது உறைக்காமல் போனதுதான் வெட்கம். தேதி போடாத கோப்பு மேசையை விட்டு நகராது. உடம்பும் அப்படித்தான்.

பெயர் கொடுத்தபோது பதினோரு வாரம் இருந்தது. பாகூர்ப் பக்கம் தாத்தா வீட்டுக் கிணற்றில், இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தக் கற்றவன் நான். தலையைத் தூக்கியே நீந்துவேன். தலை ஏறினால் கால் தாழும், கால் தாழ்ந்தால் தண்ணீர் பிடித்து இழுக்கும் என்று பயிற்சி தரும் தம்பி சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. முகத்தை உள்ளே வைத்து, மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே விட்டு, தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சிழுக்க ஐந்து வாரம் பிடித்தது. 25 மீட்டர் நீந்தி ஒரு நிமிஷம் ஓய்வு, மறுபடி 25 மீட்டர். இப்படி எட்டுத் தடவை. போன செவ்வாய்க்கிழமை 50 மீட்டரை நிற்காமல் முடித்தேன். மூன்று வருஷத்தில் வராதது பத்தாவது வாரத்தில் வந்தது.

"ஏதாவது ஆகிவிட்டால்?" என்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்து, டாக்டர் சரி என்ற பிறகுதான் பெயர் கொடுத்தேன். ஸ்டென்ட் வைத்த நம் நண்பருக்கு அவருடைய டாக்டர் வேண்டாம் என்றார்; அவர் கேட்டுக்கொண்டதும் சரியே. ஆனால் டாக்டர் போடாத தடையை நடைக்கு வந்தவர்கள் ஏன் போடவேண்டும்? மூத்தோர் போட்டியின் உலக விதிப்படி மேடையிலிருந்து பாயவேண்டிய கட்டாயம்கூட இல்லை. தண்ணீரில் இருந்தபடியே சுவரை உதைத்துத் தொடங்கலாம். நான் அப்படித்தான் தொடங்கப்போகிறேன்.

இன்னொரு கேலி: "70–74 பிரிவுல மூணு பேர்தானாமே, கடைசியா வந்தாலும் வெண்கலம்!" ஏன் மூன்று பேர்தான்? மீதிப் பேர் உங்களைப் போன்றவர்களின் பேச்சைக் கேட்டு வீட்டில் இருப்பதால்! ஜப்பானில் மியேகோ நாகவோகா என்ற அம்மையார் எண்பதைத் தொட்ட பிறகே, முழங்கால் தொந்தரவுக்காக நீச்சலுக்கு வந்தார். 2015இல், நூறு வயதில், 1500 மீட்டரை ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் நீந்தி முடித்தார். அந்தத் தூரத்தை நூறு வயதில் கடந்த முதல் ஆள் அவர்தான். யாரை ஜெயித்தார் என்று அவரிடம் போய்க் கேளுங்களேன்!

என்னோடு பிரெஞ்சில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. போட்டிக்கும் போட்டித் தேர்வுக்கும் நம் வாத்தியார் சொன்னது ஒரே சொல்: 'கொங்கூர்'. அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்குச் சேர்ந்து ஓடுவது என்று பொருள். அடுத்தவனைத் தோற்கடிப்பது அதில் இல்லை. பக்கத்துத் தடத்தில் இன்னொரு கிழவர் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறார் என்பதுதான் என்னைச் சுவர் வரைக்கும் கொண்டுபோகும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் நடையை விட்டுவிட்டுக் குளத்துக்கு வாருங்கள். அடுத்த போட்டிக்கான விண்ணப்பப் படிவம் இரண்டு கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன். பெயரை நீங்கள் எழுதுங்கள்; தேதியை நான் போட்டுத் தருகிறேன்.