லூப்பர் பெடல்: வாங்குவதா, வீட்டிலேயே செய்வதா?

2025 பிப்ரவரி 5 அன்று சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் எட் ஷீரன் பாடியதை நேரில் பார்த்தவர்களும் ரீல்ஸில் பார்த்தவர்களும் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஏ.ஆர்.ரஹ்மான் வந்து சேர்ந்துகொண்ட அந்தச் சில நிமிடங்களை விட்டால், மேடையில் பெரும்பாலும் ஒத்த ஆளு, ஒரு கிட்டார். ஆனால் காதில் விழுவதோ ஒரு முழு பேண்டின் சத்தம். கிட்டாரின் உடம்பைத் தட்டுகிறார், அது தாளமாகச் சுற்ற ஆரம்பிக்கிறது. அதன்மேல் கார்டு வாசிக்கிறார், அதுவும் சேர்ந்து சுற்றுகிறது. பிறகு ஹம்மிங். எல்லாம் அவர் காலடியில் இருக்கும் லூப்பர் செய்யும் வேலை.

'நாமளும் ஒண்ணு வாங்கிடலாமா' என்று ஆன்லைனில் தேடினால் விலை பயமுறுத்துகிறது. பெயர்பெற்ற நிறுவனங்களின் பெடல்கள் சாதாரணமாகவே பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். அதைப் பார்த்து முடிப்பதற்குள் யூடியூப், 'வீட்டிலேயே செய்யலாம் வாங்க' என்று நாலு வீடியோவை நீட்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்யுங்கள். ஆனால் காசு மிச்சமாகும் என்று நினைத்துச் செய்யாதீர்கள், ஆகாது. பாகங்கள், கூரியர் கட்டணம், புகைந்துபோகும் பலகைக்கு மாற்று, சனி ஞாயிறு என்று எல்லாவற்றையும் கூட்டினால் கடைப் பெடலின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். செய்யச் சொல்வதற்குக் காரணம் வேறு.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. லூப்பர் என்ற பெயரில் இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்று, வாசிப்பதைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிப்பது. இன்னொன்று, மற்ற எஃபெக்ட் பெடல்களை ஒரே மிதியில் உள்ளே இழுக்கவும் வெளியே தள்ளவும் உதவும் வெறும் சுவிட்ச் பெட்டி. அதில் ஒலி பதிவே கிடையாது. இரண்டுக்கும் வரைபடங்கள் ஒரே தேடலில் கலந்து வரும், ஆகவே பார்த்து ஆர்டர் பண்ணுங்க. இங்கே பேசுவது முதல் வகையைப் பற்றி.

உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு முறை மிதித்தால் பதிவு தொடங்கும். மறுபடி மிதித்தால் பதிவு நின்று, அதே நொடியில் ஆரம்பத்திலிருந்து ஓடும். மூன்றாவது மிதியில், ஓடிக்கொண்டிருப்பதன் மேல் அடுத்த அடுக்கு ஏறும். வேலை இவ்வளவுதான். சிக்கல் நினைவகத்தில் இருக்கிறது.

சி.டி. தரத்தில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளக்க வேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் 2 பைட் என்றால் நொடிக்கு 88,200 பைட். கல்லூரி லேப்களில் எல்லோரும் தொட்டுப் பார்த்திருக்கும் ஆர்டுயினோ ஊனோவின் வேலை நினைவகம் 2,048 பைட். வகுத்துப் பாருங்கள், ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. தந்தியைத் தொடுவதற்குள் நிரம்பிவிடும். அதே கணக்கில், கூடுதலாக 4 எம்.பி. நினைவகம் சேர்ந்த இஎஸ்பி32 பலகையில் சுமார் 47 விநாடி கிடைக்கும். இசைக்கென்றே வடிவமைத்த டெய்ஸி சீட் பலகையில் 64 எம்.பி. இருப்பதால் 12 நிமிடத்துக்கு மேல் தாங்கும். அதன் விலையும் அதற்கேற்றபடி.

'இதெல்லாம் எதுக்கு, ஐஎஸ்டி1820 இருக்கே' என்று சில வீடியோக்கள் சொல்லும். பேசும் வாழ்த்து அட்டைகளில் வருகிற மாதிரியான குரல் பதிவு சிப் அது. சில நூறு ரூபாய்க்குள் மாட்யூலாகவே கிடைக்கும், திரும்பத் திரும்ப ஒலிக்கும் வசதியும் உண்டு. ஆனால் 10 விநாடி பதிவுக்கு அது நொடிக்கு 6,400 முறைதான் அளக்கிறது. அதனால் 3,200 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளது எதுவும் பதிவாகாது. உங்கள் கிட்டார் பழைய லேண்ட்லைனில் கேட்பதுபோல் இருக்கும். மேல் அடுக்கு ஏற்றவும் வழியில்லை. ஒரு மதியத்தில் செய்து பார்த்துச் சிரிக்க நல்ல பொம்மை. பழகும் கருவியாக அது தேறாது.

அடுத்து, பலரும் கவனிக்காத இடம்: கிட்டார் நுழையும் வாசல். கிட்டாரின் பிக்கப் மிக மெலிந்த சிக்னல் தரும். அதை நேராகப் பலகையில் செருகினால் மேல் ஸ்வரங்களின் பளபளப்பு செத்துப்போகும். சுமார் 1 மெகா ஓம் உள்ளீட்டு எதிர்ப்போடு டிஎல்072 மாதிரியான ஒரு ஆப்-ஆம்ப் பஃபர் முன்னால் நிற்க வேண்டும். இஎஸ்பி32-க்குள் இருக்கும் ஏ.டி.சி. இரைச்சலுக்குப் பேர்போனது. பிசிஎம்1808 போன்ற தனி ஏ.டி.சி., பிசிஎம்5102 போன்ற தனி டி.ஏ.சி. வைத்தால் நிம்மதி. 'கொய்ங்' என்று ஒரு சத்தம் விடாமல் வந்தால் முதலில் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் குற்றவாளி உங்கள் சார்ஜர்தான், சர்க்யூட் இல்லை.

பெட்டி உலோகத்தில் இருக்க வேண்டும், அதைக் கிரவுண்டோடு இணைக்கவும் வேண்டும். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதில் 12 மி.மீ. துளை போடுவதற்குள் டிரில் பிட் அழுதுவிடும். அலுமினியமே மேல். தவளக்குப்பம் மாதிரி கடற்காற்று வீசும் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்பு ஈரத்தில் ஜாக், சுவிட்ச் முனைகள் சீக்கிரம் களிம்பேறி, நடுப்பாட்டில் 'கர்ர்' என்று கத்தும். புது செருப்பு டப்பாவில் வருமே அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலம், அதை ஒன்று உள்ளே போட்டு மூடுங்கள்.

தையல் தெரியக்கூடாது

மென்பொருளில் கஷ்டமான இடம் எது தெரியுமா? லூப்பின் முடிவும் தொடக்கமும் சந்திக்கும் தையல். அலை பாதியில் வெட்டுப்பட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு 'டக்' கேட்கும். கடைசிச் சில மில்லி விநாடிகளை மெல்ல அடக்கி, தொடக்கத்தை மெல்ல ஏற்றினால் அது மறையும். இது கணக்கு, எழுதிவிடலாம். காலைத் திருத்துவதுதான் பெரும்பாடு. நிமிடத்துக்கு 90 துடிப்பில் நான்கு பார் வாசித்தால் லூப் சுமார் 10.67 விநாடி. நீங்கள் 50 மில்லி விநாடி தாமதமாக மிதித்தீர்கள் என்று வையுங்கள். முதல் சுற்றில் யாருக்கும் தெரியாது. கூட ஒருவர் சரியான வேகத்தில் வாசித்துக்கொண்டிருந்தால், பத்தாவது சுற்றில் அவரிடமிருந்து நீங்கள் அரை விநாடி விலகியிருப்பீர்கள். அதாவது முக்கால் துடிப்பு. லூப்பரோடு ஒரு மாதம் பழகியவர்களின் தாளம் இறுகுவதற்குக் காரணம் இதுதான். தப்பை அது மறப்பதே இல்லை, பத்து விநாடிக்கு ஒரு தரம் காதில் ஓதிக்கொண்டே இருக்கும்.

நாமே செய்வதில் எனக்குப் பெரிதாகப் படும் லாபமும் இங்கேதான் இருக்கிறது. தாளம் வைத்து வரும் கடைக் கருவிகள் பலவும் முதலில் நாலின் கணக்கில் யோசிக்கும். நமக்கு மிஸ்ர சாபு வேண்டும், ஏழு. சொந்த நிரலில் அது ஒரே ஒரு எண். முதல் ஆவர்த்தனத்தின் நீளத்தை ஏழால் வகுத்து வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த மிதிகளைப் பக்கத்துத் துடிப்புக்கு நகர்த்தச் சொன்னால் போதும். எடுப்பு இன்னும் சுவாரஸ்யம். நம் பாட்டுகள் பலவும் சமத்தில் தொடங்காமல் அரை இடமோ ஒன்றரை இடமோ தள்ளித்தான் எடுக்கும். பாட்டின் முதல் எழுத்தில் மிதித்தால் லூப்பின் 'ஒன்று' தப்பான இடத்தில் உட்கார்ந்துவிடும். மிதி சமத்தில், பாட்டு எடுப்பில் என்று பிரித்துவைக்க எந்த விளக்கப் புத்தகமும் நமக்குச் சொல்லித்தராது.

லூப்பர் பிறந்ததே கைவேலையாகத்தான். 1948-இல் பாரிஸ் வானொலியில் பியர் ஷெஃபர், இசைத்தட்டின் பள்ளத்தை வட்டமாக மூடி ஒரே ஒலியைச் சுற்றவிட்டார். (அந்த ஆண்டில் தவளக்குப்பமும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது என்பதால், தூரத்துச் சொந்தம் கொண்டாடிக்கொள்ளலாம்!) 1963-இல் அதே பாரிஸில் டெரி ரைலிக்காக ஒரு வானொலிப் பொறியாளர் இரண்டு டேப் ரெக்கார்டர்களுக்கு நடுவே ஒரே நாடாவை ஓட்டிக் காட்டினார். அந்த ரைலிதான் 1970-இல் பண்டிட் பிரான் நாத்திடம் சீடராகச் சேர்ந்து இந்துஸ்தானி பயின்றவர். அதே இரட்டை டேப் உத்தியில் 1973-இல் ராபர்ட் ஃப்ரிப்பும் பிரையன் ஈனோவும் ஒரு ஆல்பமே போட்டார்கள். கடையில் பெட்டியாக வந்தது ரொம்பப் பின்னால்.

ரெடிமேட் புராஜெக்ட்டும் நம் பிள்ளைகளும்

இப்போது அந்த 'வேறு காரணத்துக்கு' வருகிறேன். புதுச்சேரி – கடலூர் சாலையில் காலை வேளையில் நின்றால் கல்லூரிப் பேருந்துகளுக்குக் குறைவிருக்காது. அவற்றில் போகும் இ.சி.இ. மாணவர்கள் பலரும் கடைசி ஆண்டில் என்ன செய்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். காசு கொடுத்தால் சர்க்யூட், ரிப்போர்ட், பி.பி.டி. எல்லாம் கையில் தரும் இடங்கள் இருக்கின்றன. கோட்டைப் பின்தொடரும் ரோபோ, தண்ணீர்த் தொட்டி அலாரம், அதே பத்துப் பன்னிரண்டு தலைப்புகள் வருஷா வருஷம் உருள்கின்றன. வைவாவில் எல்.இ.டி. எரிந்தால் பாஸ். பிறகு வேலைக்கான நேர்காணலில் 'ஏ.டி.சி. என்ன வேகத்தில் அளந்தது' என்று கேட்டால் விழிப்பார்கள்.

லூப்பரில் அந்த ஏமாற்று நடக்காது. அனலாக், டிஜிட்டல், நினைவகம், நிகழ்நேர நிரல், உலோக வேலை என்று நாலு வருஷப் பாடமும் ஒரே பெட்டிக்குள் வந்துவிடுகிறது. பரீட்சை வைப்பது காது. பஃபர் இல்லையென்றால் கேட்கும், தையல் பிசிறினால் கேட்கும், கிரவுண்ட் தப்பினால் கேட்கும். துறைத் தலைவர் இதைப் 'பொழுதுபோக்கு' என்று ஒதுக்கினால், ராடெல் நிறுவனத்தைத் தொடங்கிய பெங்களூரு ஜி. ராஜ் நாராயணைக் காட்டுங்கள். இசையும் எலெக்ட்ரானிக்ஸும் தெரிந்த ஒருவர் உருவாக்கிய மின்னணு சுருதிப்பெட்டியும் தம்பூராவும் இன்று எத்தனை கச்சேரி மேடைகளில் இருக்கின்றன! நம் பக்கத்திலேயே, ஆரோவில்லில் 2003 முதல் இயங்கும் ஸ்வரம், சுற்றுக் கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து இசைக்கருவிகள் செய்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் மட்டும் ஏன் ஆளில்லை?

ராடெல் பெயரை எடுத்ததால் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மின்னணு தம்பூரா வந்ததும் பாடகருக்குப் பின்னால் தம்பூராவோடு உட்கார்ந்திருந்தவரின் இடம் பல மேடைகளில் காலியானது. லூப்பரும் அதையே செய்யும், செய்துகொண்டும் இருக்கிறது. கிட்டாரும் கஹோனும் பாட்டுமாக மூன்று பேர் வாசித்த உணவக மாலையை ஒருவரே முடித்துவிடலாம். முதலாளிக்கு ஒரு சம்பளம் போதும். 'தொழில்நுட்பம் வளர்ந்தா அப்படித்தான் சார்' என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. வீட்டில் பழகவும் பாட்டுக் கட்டவும் லூப்பர் அருமையான துணை. மேடையில் கூட வாசிக்க ஆள் இருக்கும்போது, அவர் சம்பளத்தை மிச்சப்படுத்த அதைக் காலடியில் வைப்பது எனக்கு உவப்பில்லை.

செய்பவர் கையில் இதற்கும் வழி இருக்கிறது. பிசிஎம்1808 இரண்டு சேனல் கொண்டது, கிட்டாருக்குத் தேவை ஒன்றுதான். சும்மா கிடக்கும் இன்னொன்றில் ஒரு சின்ன மைக் ப்ரீஆம்ப் சேர்த்து, பெட்டியில் இரண்டாவது ஜாக்குக்கும் துளை போட்டுவிடுங்கள். உங்கள் நண்பரின் கஞ்சிராவோ கஹோனோ அதில் வரட்டும். இரண்டையும் கலந்த பிறகு பதிந்தால் அந்த 47 விநாடியும் குறையாது.